கார்டு ஃபார்ம சரி பண்ணிக் குடுக்குற எல்லீஸ் நகர் டீம்: எங்க கடைக்குப் பண்ண வேலை பத்தி

போன தை மாசம் ஒரு நாள் மத்தியானம் தேவகோட்டைல இருந்து ஒரு ஆச்சி கடை நம்பருக்கு போன் போட்டாங்க. "ஏந்தம்பி, பேங்க்ல நேர்ல போயி கையெழுத்துப் போட்டு வாங்குன கார்டு, அத உங்க கடையில செல்லாதுங்குதே, அப்ப நான் என்ன கள்ளக் கார்டா வச்சிருக்கேன்"னு கேட்டாங்க. கோவம் கூட இல்ல, வருத்தந்தான் இருந்துச்சு அந்தக் குரல்ல. பேத்திக்கு ரெண்டு சுங்குடி சேலை எடுக்கணும்னு எங்க வெப்சைட்டுக்குள்ள போயி, கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு எண்ணா பாத்துப் பாத்து அடிச்சிருக்காங்க, மூணு வாட்டி. மூணு வாட்டியும் செவப்பு எழுத்துல "செல்லாத கார்டு"ன்னு வந்துருக்கு. யுபிஐ இருக்கா ஆச்சின்னு கேட்டேன், அதெல்லாம் மகன்தான் பாப்பான், அவன் வெளியூர்னுட்டாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி சாப்பாடே எறங்கல.

எங்க கடை மதுரைல தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்துல, அப்பா ஆரம்பிச்சது. கடைய அவரு பாத்துக்கிறாரு, வெப்சைட்ட நான் பாத்துக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டும் பைத்தானும் ஓரளவுக்குத் தெரியும், ஆனா கார்டு நம்பர் அடிக்கிற அந்த ஃபார்ம் நான் எழுதுனது கெடையாது, மொதமொத சைட்டு போட்டுக் குடுத்தவங்க எழுதி வச்சது, ஓடிக்கிட்டு இருக்குறத ஏன் தொடணும்னு விட்டு வச்சிருந்தேன். ஆச்சி போன் பண்ணதுக்கு அப்புறம் ஃப்ரெண்டு ஒருத்தன் சொல்லித்தான் எல்லீஸ் நகர்ல இருக்குற இந்த டீம்கிட்ட போனேன். ரெண்டே பேரு, ஒரு அக்கா, கூட ஒரு தம்பி. மாடில ஒரு ரூமு, வாசல்ல போர்டு கூட கெடையாது, பேரு போட்டு எழுத வேணாம்னு அவங்களே கேட்டுக்கிட்டதால போடல. ஆன்லைன் கடைகளோட பேமென்ட் பக்கத்த எடுத்துப் பாத்து, வாங்க வர்றவங்க எந்த எடத்துல திரும்பிப் போறாங்கன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணித் தர்றதுதான் அவங்க வேலை. எங்க சைட்டுக்கு 14,000 ரூபா ஆச்சு. அது வொர்த்தான்னு கேட்டீங்கன்னா கண்டிப்பா வொர்த்து, ஏன்னு பையச் சொல்றேன்.

உக்காந்த ஒடனே அக்கா கேட்ட மொத கேள்வியே எனக்கு ஒறைச்சுச்சு. "பேங்க்காரன் வேணாம்னு சொன்ன பேமென்ட் எல்லாம் கேட்வே ரிப்போர்ட்ல வரும் தம்பி, உங்க ஃபார்மே வாசல்ல நிறுத்தி திருப்பி அனுப்புன ஆளுக எம்புட்டுப் பேருன்னு எங்க பாப்பீங்க?" கேட்வேன்னா கடைக்கும் பேங்க்குக்கும் நடுவுல இருந்து பணத்த வாங்கிக் குடுக்குற கம்பெனி. எங்கிட்ட பதில் இல்ல. பேமென்ட் ஃபெயிலானா தெரியும்னுதான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன், ஃபார்ம்லயே தப்புன்னு சொல்லி நிறுத்திட்டா அது கேட்வே வரைக்கும் போறதே இல்ல, அப்புறம் எந்த ரிப்போர்ட்ல வரும். ஆச்சி போன் பண்ணாங்க, தெரிஞ்சது. போன் பண்ணாம பேசாம வேற கடைக்குப் போனவங்க எத்தன பேரோ.

அப்புறம் அந்தத் தம்பி சர்வருக்குள்ள போயி ஒரு மணி நேரம் தேடி ஒரு ஃபைல காட்டுனான். பழைய ஃபார்ம் செல்லாதுன்னு சொன்ன ஒவ்வொரு கார்டு நம்பரும், கூடவே எக்ஸ்பைரி, சிவிவி, எல்லாமே ஒரு லாக் ஃபைல்ல, அதாவது நடக்குறதையெல்லாம் சர்வர் குறிச்சு வைக்கிற ஃபைல்ல, வரி வரியா கெடந்துச்சு. டெஸ்ட் பண்றதுக்காக யாரோ போட்டது, எடுக்க மறந்துருக்காங்க. எனக்கு வேர்த்துருச்சு. சிவிவிய பேமென்ட் முடிஞ்ச பெறகு கடைக்காரங்க வச்சிருக்கக் கூடாதுன்னு கார்டு கம்பெனிக போட்ட பிசிஐ பாதுகாப்பு விதிலயே இருக்கு, அது போக 2022 அக்டோபர் 1ல இருந்து கடைக்காரங்க யாரும் கஸ்டமரோட கார்டு நம்பர சேத்து வைக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லிருச்சு, அடையாளத்துக்கு கடைசி நாலு எண்ணு வேணா வச்சுக்கலாம். நாங்க சேத்து வைக்கலன்னுதான் மனசார நெனச்சிருந்தோம். அக்கா சத்தம் போடல, "மொதல்ல இத சுத்தமா அழிப்போம், பேக்கப்ல இருக்குறதையும் சேத்து, மத்தத நாளைக்குப் பாப்போம்"னு சொல்லிட்டு ராத்திரி ஒம்போதரை வரைக்கும் உக்காந்து முடிச்சுக் குடுத்தாங்க. இந்த ஒரு வேலைக்கே அவங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்.

மறுநாள்தான் ஆச்சியோட கார்டு விஷயம். ஆச்சிகிட்ட எத்தன எண்ணு இருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னாங்க, நம்பர சொல்ல வேணாம்னும் சொல்லச் சொன்னாங்க. எண்ணிப் பாத்துட்டு 19னாங்க. நம்ம எல்லாருக்கும் கார்டுன்னா 16 எண்ணுங்குறது மனசுல பதிஞ்சு போச்சு, ஆனா கார்டு நம்பருக்குன்னு இருக்குற ஸ்டாண்டர்டுல 19 வரைக்கும் எடம் இருக்கு, மேஸ்ட்ரோ கார்டுல 12ல இருந்து 19 வரைக்கும் வரும், அமெக்ஸ், அதாவது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், 15, டைனர்ஸ்ல 14ம் உண்டு. பழைய ஃபார்ம்ல 16க்கு மேல போகக் கூடாதுன்னு கறாரா எழுதி வச்சிருந்துச்சு. சரி, அத 19 ஆக்குனா முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அக்கா, "ஆக்கிப் பாருங்க"ன்னாங்க. ஆக்குனேன். அப்பவும் செல்லாதுன்னுதான் வந்துச்சு.

இங்கதான் நான் ரொம்பக் கத்துக்கிட்டேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். கார்டு நம்பரோட கடைசி எண்ணு இருக்குல்ல, அது மத்த எண்ணையெல்லாம் வச்சுக் கணக்குப் போட்டு எடுக்குறது. ஐபிஎம்ல இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன்ங்குறவரு 1954ல பேட்டன்டுக்கு விண்ணப்பிச்சு 1960ல வாங்குன கணக்கு, அவரு அப்ப காட்டுனது கையில வச்சு சொழட்டுற சின்ன மெஷினு. லூன் செக்குன்னு சொல்லுவாங்க. அக்கா எங்க கடை பில் புக்குக்குப் பின்னாடிப் பக்கத்துலயே எழுதிக் காட்டுனாங்க. வலது பக்கக் கடைசில இருந்து ஆரம்பிக்கணும், கடைசி எண்ண அப்படியே விட்டுரணும், அதுக்கு முந்துனத ரெண்டு மடங்காக்கணும், அடுத்தத விடணும், அடுத்தத ரெண்டு மடங்கு, இப்படியே ஒண்ணு விட்டு ஒண்ணு எடது பக்கமா போகணும், ரெண்டு மடங்காக்குறப்ப 9க்கு மேல போனா 9ஐக் கழிச்சுக்கணும், எல்லாத்தையும் கூட்டுனா கடைசில சைபர் வரணும். டெஸ்டுக்கு எல்லாரும் போடுற 4111 1111 1111 1111ஐ எடுத்துக்கங்க, ரெண்டு மடங்காக்குற எண்ணெல்லாம் 8ம் ஏழு 2ம், ஆக 22, விட்ட எண்ணு எட்டும் ஒண்ணு ஒண்ணு, ஆக 8, மொத்தம் 30, சரியா வந்துருச்சு.

எங்க பழைய ப்ரோக்ராம் கோடு எடது பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு மொத எண்ண ரெண்டு மடங்காக்கிக்கிட்டு இருந்துச்சு. 16 எண்ணுக்கு ரெண்டுமே ஒண்ணுதான், ஏன்னா இரட்டைப் படையா இருந்தா வலதுல இருந்து எண்ணுனாலும் எடதுல இருந்து எண்ணுனாலும் அதே எண்ணுகதான் மாட்டும். 15லயும் 19லயும் அப்படியே தலைகீழாயிரும், விட வேண்டியத ரெண்டு மடங்காக்கி, ரெண்டு மடங்காக்க வேண்டியத விட்டுரும். அமெக்ஸுக்குன்னு இருக்குற டெஸ்ட் நம்பர் 378282246310005, அத வலதுல இருந்து போட்டா 60 வருது, எங்க கோடு போட்டா 48. இதுல இன்னொரு கொடுமை என்னன்னா, தப்பாக் கூட்டுனாலும் பத்துல ஒரு நம்பர் தற்செயலா சைபர்ல முடிஞ்சிரும், அதனால எழுதுனவரு கையில இருந்த ஒரு கார்ட வச்சு டெஸ்ட் பண்ணி, அது ஓடிருந்தா சரியா இருக்குன்னுதான் நெனச்சிருப்பாரு. இத்தன வருஷமா அமெக்ஸ் கார்டு வச்சிருந்தவங்களையும் நாங்க திருப்பி அனுப்பிட்டு இருந்திருக்கோம்.

அதையும் சரி பண்ணியாச்சு, அப்பவும் 19 எண்ணு ஓடல. தம்பிதான் கண்டுபிடிச்சான். ஃபார்ம்ல அந்தக் கட்டத்த நம்பர் டைப்புன்னு வச்சு, உள்ள அத எண்ணா மாத்தித்தான் கணக்குக்கே அனுப்பிருந்தாங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு எண்ணு 9007199254740991 வரைக்கும்தான் பிசகாம நிக்கும், அதுக்கு மேல போனா கடைசி எண்ணுக தானா மாறிப்போகலாம். 16 எண்ணு கார்டெல்லாம் பெரும்பாலும் அதுக்குள்ள வந்துரும், 19 வராது. ஆச்சி கண்ணாடியப் போட்டுக்கிட்டு சரியா அடிச்ச நம்பர எங்க கோடு மாத்திட்டு, அத அவங்க தப்புன்னு சொல்லிருக்கு. இத நெனைக்கிறப்ப இன்னமும் மனசு ஆறல. கார்டு நம்பர்ங்குறது பேருலதான் நம்பர், கூட்டவோ கழிக்கவோ போறதில்ல, அத எழுத்தாத்தான் வச்சுக்கணும்னு அக்கா சொன்னாங்க. நம்பர் டைப்புல வேற ஒரு வெனையும் இருக்கு, சில பிரவுசர்ல கட்டத்துக்குள்ள கர்சர் இருக்குறப்ப மௌஸ் சக்கரம் லேசா சுத்துனாலே எண்ணு ஒண்ணு கூடிரும் இல்ல கொறைஞ்சிரும். அத டெக்ஸ்ட் டைப்பா மாத்தி, மொபைல்ல எண்ணு கீபோர்டு மட்டும் வர்ற மாதிரி வச்சுக் குடுத்துட்டாங்க.

மத்ததெல்லாம் சின்னச் சின்னது, ஆனா ஒவ்வொண்ணும் ஒரு கஸ்டமரு. பழைய ஃபார்ம் 4ல ஆரம்பிச்சா விசா, 51ல இருந்து 55க்குள்ள ஆரம்பிச்சா மாஸ்டர்கார்டு, அமெக்ஸுக்கு 34, 37, மேஸ்ட்ரோவுக்கு 6ல ஆரம்பிக்கிறதுல பாதின்னு கொஞ்சத்த மட்டும் தெரிஞ்சு வச்சிருந்துச்சு. மாஸ்டர்கார்டு இப்ப 2221ல இருந்து 2720 வரைக்கும் ஆரம்பிக்கிறதும் இருக்கு, அதெல்லாம் வெளிய. ரூபே பாதி வெளிய. நம்ம ஊருல ஜன்தன் கணக்குல குடுக்குற கார்டே ரூபேதான், 60, 65, 508, 81, 82ன்னு பல மாதிரி ஆரம்பிக்கும், அத வாங்க மாட்டேன்னு ஒரு மதுரைக் கடை சொல்லலாமா? ரூபே வச்சிருக்கவங்க நெறையப் பேரு யுபிஐலயே போயிருறதால எங்களுக்கு அது தெரியவே இல்ல. அக்கா அந்த லிஸ்டையே தூக்கிட்டாங்க. மொத எண்ணுகள வச்சு ஓரத்துல சின்னப் படம் காட்டலாம், அதோட சரி, தெரியாத எண்ணுல ஆரம்பிச்சா உள்ள விடுங்க, அது என்ன கார்டுன்னு பேங்க்குக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியணும்னு அவசியம் இல்லன்னாங்க. எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு.

எக்ஸ்பைரிலயும் ஒண்ணு இருந்துச்சு. கார்டுல 08ன்னு போட்டிருந்தா ஆகஸ்ட் கடைசி நாள் வரைக்கும் செல்லும், எங்க கோடு ஆகஸ்ட் 1ஆம் தேதியே காலாவதி ஆக்கிருச்சு. காப்பி பண்ணி ஒட்டுறவங்களுக்கு நாலு நாலா எடைவெளி விட்டு வரும், அந்த எடைவெளிய ஃபார்ம் ஒத்துக்காம தப்புன்னு சொல்லும். பிரவுசர் தானா நெரப்புறத வேற அடைச்சு வச்சிருந்தாங்க, பாதுகாப்புன்னு நெனச்சு பண்ணிருப்பாங்க போல, கையால அடிக்கிறப்பதான் தப்பு வருது, பிரவுசர் நெரப்புனா வர்றதில்ல, அத தெறந்து விட்டாச்சு.

இவங்ககிட்ட எனக்கு ரொம்பப் புடிச்சது, அந்த செக்கு எதுக்குன்னு தெளிவா சொன்னதுதான். லூன் கணக்கு ஒரு எண்ணு மாறுனா கண்டிப்பா புடிச்சிரும், பக்கத்து எண்ணு ரெண்டும் எடம் மாறுனாலும் கிட்டத்தட்ட எல்லாத்தையும் புடிச்சிரும், 09ம் 90ம் மட்டும் தப்பிச்சுப் போகும், 22க்கு 55னு அடிச்சாலும் தெரியாது. எல்லாமே சைபரா அடிச்சாக்கூட கூட்டுத்தொகை சைபர்தான, அதுவும் பாஸு, அதுக்கு மட்டும் தனியா ஒரு வரி எழுதணும். ஆக இது கை தவறி அடிக்கிறதப் புடிக்கிறதுக்கு, கார்டு நெசமா பொய்யான்னு சொல்றதுக்கு இதால முடியாது, பணம் இருக்கா இல்லையான்னும் தெரியாது. போன்ல ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ்னு அடிச்சா வர்ற ஐஎம்இஐ நம்பர்லயும் இதே கணக்குதான், ஆதார்ல வேற, வெர்ஹோஃப்னு ஒண்ணு, அது எடம் மாறுறத முழுசாவே புடிக்கும். இதையெல்லாம் டீ குடிச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்தாங்க, அதுக்குத் தனியா காசு கேக்கல.

அதனால "செல்லாத கார்டு"ங்குற வார்த்தையையே எடுத்துட்டோம். சரி பண்ண ஃபார்ம்ல என்ன வந்துச்சுன்னா, "ஒரு எண்ணு மாறியிருக்குற மாதிரி தெரியுது, ஒருவாட்டி சரி பாத்துக்கங்க"ன்னு தமிழ்ல வந்துச்சு, அதுவும் அடிச்சுக்கிட்டு இருக்குறப்பவே வராம, கட்டத்த விட்டு வெளிய வந்ததுக்கு அப்புறம்தான் வந்துச்சு. பழசுல மொத எண்ணு அடிச்ச ஒடனே செவப்பாயிரும், வயசானவங்க அதப் பாத்துட்டே கையெடுத்துருவாங்க.

தம்பி டெஸ்ட் பண்ற விதம் தனியா சொல்லணும். எடைவெளி விட்டு அடிச்சான், நடுவுல சின்னக் கோடு (-) போட்டு அடிச்சான், கடைசில ௪௧௧௧ன்னு தமிழ் எண்ணுலயே அடிச்சுப் பாத்தான். பைத்தான் பக்கம் இருந்த பழைய செக்கு அத நம்பர்னு ஒத்துக்கிச்சு! பைத்தான்ல எண்ணான்னு பாக்குற குறி எல்லா மொழி எண்ணையும் எடுத்துக்கும், ஜாவாஸ்கிரிப்ட்ல 0ல இருந்து 9 மட்டும்தான். யாரு அப்படி அடிக்கப் போறாங்கன்னு கேட்டேன், "யாரும் அடிக்காததையும் பாத்து வச்சாதான்ணே நமக்குத் தூக்கம் வரும்"னான். சர்வர் பக்கம் இருந்த அந்தச் செக்கையே இப்ப எடுத்தாச்சு, கார்டு நம்பரு எங்க சர்வருக்கு வர்றதே இல்ல.

கொறைன்னு பாத்தா மூணு சொல்லலாம். அஞ்சு நாள்ல முடிக்கிறோம்னாங்க, ஒம்போது நாளாச்சு, நடுவுல ரெண்டு நாள் போன் எடுக்கல, அது எனக்குப் புடிக்கல, பேமென்ட் பக்கம் பாதில நிக்கிறப்ப ஒரு மெசேஜாவது போட்டிருக்கணும். ரெண்டாவது, நாலு நாலா தானா எடைவெளி விடுற மாதிரி புதுசா எழுதுனாங்க, பாக்க அழகா இருந்துச்சு, ஆனா நடுவுல ஒரு எண்ண திருத்தப் போனா கர்சர் துள்ளிக் குதிச்சு கடைசிக்குப் போயிரும், அடுத்த எண்ணு தப்பான எடத்துல விழும். அதாவது திருத்தப் போற ஆளையே தப்பு பண்ண வைக்குது. சொன்ன அன்னைக்கே சரி பண்ணிட்டாங்கதான், ஆனா சொல்றதுக்கு முன்னாடியே புடிச்சிருக்க வேண்டியது. மூணாவது, கடைசியா குடுத்த குறிப்பு முழுக்க இங்கிலீஷ்ல இருந்துச்சு, நான் ஊர்ல இல்லாதப்ப கடையப் பாக்குற என் தங்கச்சி அத வச்சு ஒண்ணும் பண்ண முடியல, தமிழ்ல கேட்டதுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தாங்க, மிச்சத்த நானே எழுதி வச்சேன்.

இன்னொண்ணும் சொல்லணும். வேலைய முடிச்சுட்டு காச வாங்குறப்ப அக்கா, "தம்பி, நான் பண்ணிக் குடுத்தத நானே சொல்றேன், ஆடித் தள்ளுபடிக்கு முன்னாடி இந்த ஃபார்மையே எடுத்துட்டு கேட்வேயோட பக்கத்துக்கே அனுப்பிருங்க, கார்டு நம்பர் உங்க பக்கத்துல அடிக்கவே வேணாம்"னாங்க. சித்திரைத் திருவிழா நெருங்கிருச்சு, அந்த நேரத்துல பேமென்ட் பக்கத்த முழுசா மாத்துறது ஆபத்துன்னுதான் மொதல்ல இருக்குறத சரி பண்ணிக் குடுத்துருக்காங்க. அத மாத்துறதுக்கும் அவங்களையே கேட்டேன், அது ரெண்டு நாள் வேலை, நீங்களே பண்ணலாம், முடியலன்னா கூப்பிடுங்கன்னுட்டாங்க. வைகாசில நானே பண்ணிட்டேன், ஒரு சந்தேகத்துக்கு ரெண்டு வாட்டி போன் பண்ணேன், காசு வாங்கல. அப்ப 14,000 வீணாப் போச்சான்னு அப்பா கேட்டாரு. சித்திரை மாசம் பூரா அந்த ஃபார்ம்லதான யாவாரம் ஓடுச்சு, அந்த லாக் ஃபைலும் அங்கிட்டு கெடந்திருந்தா என்னாகிருக்கும்னு சொன்னேன், அதுக்கப்புறம் அவரு கேக்கல.

தேவகோட்டை ஆச்சிக்கு நானே போன் பண்ணி, தப்பு எங்க மேலதான், உங்க கார்டு நல்ல கார்டுன்னு சொன்னேன். பங்குனி கடைசில ரெண்டு சேலை எடுத்தாங்க, அரக்கு ஒண்ணு, மாம்பழ மஞ்சள் ஒண்ணு, அதே கார்டுல.

அவங்ககிட்ட போறவங்க சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க, காலைல கூப்பிட்டா எடுக்க மாட்டாங்க. சர்வரோட லாகின், கேட்வேயோட மூணு மாச ஃபெயிலியர் ரிப்போர்ட்டு, கஸ்டமர் யாராவது கார்டு ஓடலன்னு சொல்லி அனுப்புன வாட்ஸாப் மெசேஜ் இருந்தா அது, இந்த மூணையும் கையோட எடுத்துட்டுப் போங்க, அந்த மெசேஜத்தான் மொதல்ல கேப்பாங்க. அதுல கார்டு நம்பர் இருந்தா அழிச்சிட்டுக் கொண்டு போங்க.